கசப்பா ஒரு கிளாஸ்: ஒரு லிவர் டாக்டர் வீட்டு அமெரிக்கானோ

1/
போன வாரம் ஃபேட்டி லிவர் பத்தி போட்ட த்ரெட்டுக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தார்: "எல்லாம் சரி டாக்டர், நீங்க குடிப்பீங்களா? குடிச்சா என்ன குடிப்பீங்க?"

நியாயமான கேள்வி. 'இல்லை'ன்னு சொன்னா பொய். 'ஆமா'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா, "டாக்டரே குடிக்கிறார்"னு நாளைக்கு ஓபியில பத்து பேர் வந்து நிப்பாங்க. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். பொறுமையா படிங்க மக்களே.

2/
ரெசிபிக்கு முன்னாடி எச்சரிக்கை. இதுவரைக்கும் குடிக்காதவங்க இதைப் படிச்சுட்டு ஆரம்பிக்க வேண்டாம். ஆல்கஹாலில் 'இது வரைக்கும் பாதுகாப்பு' என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது 1988லயே. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம்னு பட்டியல் நீளம்.

இதை மறைச்சுட்டு ரெசிபி எழுத எனக்கு மனசு வராது. கணக்கும் வரும், ரெசிபியும் வரும். ஆல்கஹாலே இல்லாத ரெசிபி கடைசியில வரும். அதுக்காகத்தான் இந்த த்ரெட்டே.

3/
என் பதில்: மாசத்துல ஒண்ணு ரெண்டு சனிக்கிழமை, சாயங்காலம், ஒரே ஒரு கிளாஸ் அமெரிக்கானோ.

காபிக் கடையில கிடைக்கிற அமெரிக்கானோ இல்லை. இது இத்தாலிக்காரங்க சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்கிற கசப்பு பானம். காம்பாரின்னு ஒரு சிவப்புக் கசப்பு மது, வெர்மத்னு மூலிகை ஊறின ஒயின், சோடா. மூணே பொருள். ஷேக்கர் வேணாம், பெரிய வித்தை எதுவும் வேணாம். மோர் கலக்கத் தெரிஞ்சவங்க இதையும் கலக்கலாம்.

4/
கத்துக்கிட்டது மிலான்ல. சில வருஷம் முன்னாடி கல்லீரல் பிரிவுல பயிற்சிக்காக ஒரு வருஷம் அங்க இருந்தேன். தங்கினது ஒரு பழைய குடியிருப்பு. 'காசா தி ரிங்கியேரா'ன்னு சொல்வாங்க. நடுவுல முற்றம், சுத்தி நாலு பக்கமும் மாடி மாடியா வீடுகள், ஒவ்வொரு மாடிக்கும் இரும்புக் கம்பி போட்ட ஒரே பொது நடை. யார் வீட்டுக்குப் போகணும்னாலும் மத்தவங்க வாசலைத் தாண்டித்தான் போகணும். நம்ம பழைய மெட்ராஸ் ஒண்டுக்குடித்தனத்தை மாடியில தூக்கி வச்ச மாதிரி இருக்கும்.

5/
வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது தாண்டிடுச்சு. கணவர் இறந்து ஆறேழு வருஷம். நான் அவங்களை 'சிஞ்ஞோரா'ன்னு கூப்பிடுவேன். அவங்க என்னை 'தொத்தோரே'ன்னு. அங்க டாக்டருக்கு அதுதான் மரியாதை.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு நடையில ஒரு சின்ன மடக்கு மேசை போடுவாங்க. மேல ஒரு தட்டுல ஆலிவ், ஒரு தட்டுல உருளைக்கிழங்கு வறுவல். நாலு கிளாஸ். மூணாவது வீட்டுல இருந்து டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வருவார். கடைசி வீட்டுல இருந்து ஒரு தையல்கார அம்மா வருவாங்க. டியூட்டி சீக்கிரம் முடிஞ்சா நானும்.

6/
நான் கவனிச்ச விஷயம் இதுதான். ஆளுக்கு ஒரு கிளாஸ். எட்டு மணிக்கு மேசையை மடக்கி உள்ள வச்சுட்டு எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குச் சாப்பிடப் போயிடுவாங்க. ரெண்டாவது ரவுண்டுன்னு ஒரு பேச்சே வந்தது இல்லை.

நம்ம ஊர்ல பாட்டிலைத் திறந்தா காலி பண்ணிட்டுத்தான் எழுந்திரிக்கணும்னு ஒரு கணக்கு உண்டு இல்லையா? அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதுசு.

7/
உடனே "வெளிநாட்டுக்காரன் நாகரிகமா குடிக்கிறான், நமக்குத்தான் தெரியல"ன்னு கிளம்பிடாதீங்க. காலையில நான் ரவுண்ட்ஸ் போன வார்டுலயும் இத்தாலிக்காரங்கதான் படுத்திருந்தாங்க. மஞ்சள் கண்ணு, வயித்துல நீர், ரத்த வாந்தி. நம்ம ஊர் வார்டுக்கும் அதுக்கும் படுக்கை விரிப்புல மட்டும்தான் வித்தியாசம்.

அதுல ஒருத்தர், அம்பத்தஞ்சு வயசு இருக்கும், சொன்னார்: "டாக்டர், நானும் ஏழு மணிக்கு ஒரு கிளாஸ்லதான் இருந்தேன். அப்புறம் ஆறு மணி ஆச்சு. அப்புறம் அஞ்சு." நாட்டைப் பார்த்து லிவர் சலுகை கொடுக்கறது இல்லை.

8/
சரி, பானத்துக்கு வருவோம். கொஞ்சம் வரலாறு.

1860ல் காஸ்பாரே காம்பாரி என்பவர் வட இத்தாலியின் நொவாரா ஊரில் தன் கசப்பு மதுவைத் தயாரிக்கத் தொடங்கினார். பிறகு மிலான் போய், பேராலயத்துக்குப் பக்கத்திலேயே அப்போது புதிதாகக் கட்டப்பட்ட கலேரியா வணிக வளாகத்தில் கடை போட்டார். அவர் மகன் தாவிதே 1915ல் அங்கேயே காம்பாரினோ என்ற பாரைத் திறந்தார். இன்னைக்கும் அது இருக்கு. காம்பாரியில என்னென்ன மூலிகைன்னு கேட்டா கம்பெனி வாயே திறக்காது.

9/
அந்தச் சிவப்பு நிறத்துக்கு ஒரு கதை உண்டு. சப்பாத்திக்கள்ளியில ஒட்டி வாழுற காக்கினீல்னு ஒரு பூச்சி. அதைக் காயவச்சு எடுக்கிற சாயம்தான் ரொம்ப காலம் காம்பாரிக்கு நிறம் கொடுத்துச்சு. 2006ல் பல நாடுகளுக்கான தயாரிப்பில் அதை விட்டுட்டாங்க. சைவக்காரங்க பழைய பாட்டில் கைக்கு வந்தா லேபிளைப் பார்த்துக்குங்க.

10/
அடுத்தது வெர்மத். இது தூரின் நகரத்துச் சரக்கு. 1786ல் அந்தோனியோ பெனெதெத்தோ கார்ப்பானோ அங்கே மூலிகை ஊறிய ஒயினை விற்கத் தொடங்கியதை நவீன வெர்மத்தின் ஆரம்பமாகச் சொல்வார்கள். பேர் வந்தது 'வெர்முட்' என்ற ஜெர்மன் சொல்லில் இருந்து. ஆர்ட்டிமிசியா குடும்பத்துக் கசப்புச் செடி அது.

அந்தக் குடும்பம் உங்களுக்குப் புதுசு இல்லை. மல்லிப்பூவோட சேர்த்துக் கட்டுற மரிக்கொழுந்தும் ஆர்ட்டிமிசியாதான். மலேரியாவுக்குக் கொடுக்கிற ஆர்ட்டிமிசினின் மருந்தும் இன்னொரு ஆர்ட்டிமிசியாவில் இருந்து வந்ததுதான். அதைக் கண்டுபிடிச்ச து யூயூ அம்மாவுக்கு 2015ல் நோபல் பரிசு கிடைச்சது.

11/
மிலான் காம்பாரியும் தூரின் வெர்மத்தும் சேர்ந்தா அதுக்குப் பேர் 'மிலானோ-தொரினோ'. அதுல சோடா ஊத்தினா அமெரிக்கானோ. அமெரிக்கப் பயணிகளுக்குப் பிடிச்சுப்போனதால இந்தப் பேர்னு பொதுவாச் சொல்றாங்க.

1919 வாக்கில் ஃபிளாரன்ஸ் நகரில் கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு, "சோடா வேணாம், ஜின் ஊத்து"ன்னு கேட்டாராம். அது நெக்ரோனி ஆயிடுச்சு. இன்னைக்கு உலகம் பூரா அதுதான் பிரபலம். ஆனா என் ஓட்டு சோடாவுக்குத்தான். ஏன்னு கணக்குல பாருங்க.

12/
கணக்கு. இதை எல்லாரும் கத்துக்கணும், குடிக்கிறவங்க, குடிக்காதவங்க, குடிக்கிறவங்க வீட்டுல இருக்கிறவங்க எல்லாரும்.

மில்லி × பாட்டில்ல போட்டிருக்கிற சதவீதம் ÷ 100 × 0.79 = ஆல்கஹால் கிராம்ல.

காம்பாரி 30 மில்லி, 25 சதவீதம்: சுமார் 6 கிராம். (நாட்டுக்கு நாடு சதவீதம் மாறும், பாட்டிலைப் பாருங்க.)
வெர்மத் 30 மில்லி, 16 சதவீதம்: சுமார் 4 கிராம்.
மொத்தம் 10 கிராம்.

நெக்ரோனின்னா 30 மில்லி ஜின் கூடச் சேரும். அது கிட்டத்தட்ட 19 கிராம். ரெண்டு மடங்கு.

13/
இப்ப நம்ம ஊர் கணக்கு. 42.8 சதவீத விஸ்கியோ பிராந்தியோ ஒரு லார்ஜ், அதாவது 60 மில்லி: 20 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி ஒரு பாட்டில்: 41 கிராம்.

திரும்பவும் படிங்க. "நான் பீர் மட்டும்தான் டாக்டர்"னு சொல்ற தம்பிங்க ஒரு பாட்டில்ல நாலு அமெரிக்கானோ குடிக்கிறாங்க. ரெண்டு பாட்டில்னா எட்டு. ஆரோக்கியமான ஒரு லிவர் ஒரு மணி நேரத்துல சமாளிக்கிறது தோராயமா 7 முதல் 10 கிராம். மிச்சம் ரத்தத்துல வரிசையில நிக்கும். எலுமிச்சை, மோர், குளியல் எதுவும் அந்த வரிசையை வேகமா நகர்த்தாது.

14/
சரி, ரெசிபி.

ஒருத்தருக்கு:
காம்பாரி 30 மில்லி
சிவப்பு இனிப்பு வெர்மத் 30 மில்லி
நல்லா குளிர்ந்த சாதா சோடா 90 மில்லி
ஐஸ் கிளாஸ் நிறைய
ஆரஞ்சு ஒரு வட்டத்துண்டு, எலுமிச்சைத் தோல் ஒரு சீவல்

இத்தாலி பார்கள்ல சோடா கொஞ்சமாத்தான் ஊத்துவாங்க. 90 மில்லிங்கிறது சிஞ்ஞோரா வீட்டு அளவு, இப்ப என் அளவும்.

15/
அளவு முக்கியம். பாட்டில்ல இருந்து நேரா கிளாஸ்ல சாய்க்காதீங்க. கை தாராளமா இருந்தா 30 மில்லி 45 ஆயிடும், உங்க 10 கிராம் 15 ஆயிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஜிக்கர் வாங்கணும்னு அவசியம் இல்லை. குழந்தைங்க காய்ச்சல் சிரப்போட ஒரு பிளாஸ்டிக் மூடி வருமே, அதுல 10, 15ன்னு கோடு போட்டிருக்கும். அது போதும். சிஞ்ஞோராகிட்ட நீலக் கோடு போட்ட ஒரு குட்டி கிளாஸ் இருந்தது, அவங்க அம்மா காலத்தோடது. ஒரு நாள் சந்தேகம் வந்து சிரிஞ்சு வச்சு அளந்து பார்த்தேன். கோடு வரைக்கும் சரியா 30 மில்லி. "இத்தனை வருஷமா என்னை நம்பலையா தொத்தோரே?"ன்னு சிரிச்சாங்க.

16/
செய்முறை:

அ) கிளாஸை ஐஸால விளிம்பு வரைக்கும் நிரப்புங்க. ரெண்டு கட்டி போட்டா சீக்கிரம் கரைஞ்சு தண்ணியாப் போயிடும். நிறைய போட்டா ஒண்ணுக்கொண்ணு குளிர்ச்சியைப் பிடிச்சு மெதுவா கரையும். கட்டி பெருசா இருந்தா இன்னும் நல்லது.
ஆ) காம்பாரி, அப்புறம் வெர்மத். ஸ்பூன் வச்சு பத்துப் பதினஞ்சு சுத்து.
இ) சோடா கடைசியா, ஓரமா, மெதுவா. அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை கீழ இருந்து மேல கிளறி விட்டுடுங்க. ஆத்துற மாதிரி ஆத்தினா கேஸ் போயிடும்.
ஈ) எலுமிச்சைத் தோலை வெள்ளைப் பகுதி இல்லாம சீவி, மஞ்சள் பக்கம் கிளாஸைப் பார்க்கிற மாதிரி பிடிச்சு மடக்குங்க. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு எண்ணெய் தெறிக்கும். வாசனையே மாறிடும்.
உ) ஆரஞ்சுத் துண்டு உள்ள. முடிஞ்சது.

17/
ரெண்டு குறிப்பு. வெர்மத் ஒயின் வகை. திறந்ததும் ஃப்ரிட்ஜுக்குப் போகணும். ஒண்ணு ரெண்டு மாசத்துல தீர்த்துடணும், இல்லன்னா சுவை மங்கிடும். ஹால் அலமாரியில ரெண்டு வருஷமா நிக்கிற வெர்மத்தை வச்சு செஞ்சுட்டு "நல்லாவே இல்லை"ன்னு என்கிட்ட வராதீங்க. காம்பாரிக்கு அந்தத் தொல்லை இல்லை, வெளியிலயே இருக்கலாம்.

சோடான்னா சாதா சோடா. லெமன் சோடா, கோலா எதுவும் வேணாம். காம்பாரியில சர்க்கரை இருக்கு. 'இனிப்பு' வெர்மத்னா ஐரோப்பிய விதிப்படி லிட்டருக்குக் குறைஞ்சது 130 கிராம் சர்க்கரை. உங்க 30 மில்லியில மட்டும் அது 4 கிராம்.

18/
முதல் வாய் குடிக்கும்போது முகம் சுளிக்கும். எனக்கும் சுளிச்சது. அது உங்க உடம்பு சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

மனுஷனுக்குக் கசப்பை அறிய மட்டும் சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கு. இனிப்புக்கு இவ்வளவு கிடையாது. காரணம், செடிகள்ல இருக்கிற பல விஷங்கள் கசக்கும். 'துப்பு'ன்னு நாக்கு போடுற சத்தம்தான் கசப்பு. அதனாலதான் குழந்தை பாகற்காயைத் துப்புது. திரும்பத் திரும்பச் சாப்பிட்டு ஒண்ணும் ஆகலன்னு மூளைக்குப் புரிஞ்ச பிறகுதான் அதே பாகற்காய் பிடிக்க ஆரம்பிக்குது. வேப்பம்பூ ரசமும் சுண்டைக்காய் வத்தலும் அப்படிக் கத்துக்கிட்ட ருசிகள்தான்.

19/
கூட ஆலிவ், வறுவல் ஏன் வைக்கிறாங்க? உப்பு. சோடியம் நாக்குல கசப்பை அமுக்கும். நம்ம அம்மாக்கள் பாகற்காயை உப்புப் போட்டுப் பிசிறி வைக்கும்போது கசப்புத் தண்ணி இறங்கறது ஒரு பக்கம், உப்பு நாக்குல செய்யுற வேலை இன்னொரு பக்கம்.

இன்னொரு காரணம் அதைவிட முக்கியம். ஆல்கஹால் பெரும்பாலும் சிறுகுடல்லதான் ரத்தத்துல ஏறுது. வயித்துல சாப்பாடு இருந்தா அது குடலுக்குப் போறது தாமதமாகும். வெறும் வயித்துல, அதுவும் கேஸ் இருக்கிற பானம்னா, இன்னும் வேகமா ஏறலாம்னு சில ஆய்வுகள் காட்டுது. சாப்பாட்டுக்கு முன்னாடி பானம்னு பேர், ஆனா வெறும் வயித்துல குடிக்கணும்னு அர்த்தம் இல்லை. அரை கைப்பிடி வேர்க்கடலையாவது உள்ள போகட்டும்.

20/
'அபெரிடிவோ'ங்கிற சொல்லோட வேர், 'திறப்பது'ன்னு பொருள் தர்ற லத்தீன் சொல். பசியைத் திறக்குமாம். உண்மையா?

கசப்பு பட்டா எச்சில் ஊறும், சரி. ஆனா கசப்பை நேரா வயித்துக்குள்ள செலுத்திப் பார்த்த சில ஆய்வுகள்ல பசி குறைஞ்சுதான் போச்சு. அதேசமயம், ஆல்கஹால் குடிச்ச பிறகு மனுஷங்க வழக்கத்தைவிடக் கூடுதலா சாப்பிடுறாங்கன்னு பல ஆய்வுகள் சொல்லுது. அதாவது பசியைத் திறக்கிறது பெரும்பாலும் மூலிகை இல்லை, சாராயம்தான். "ஜீரணத்துக்கு நல்லது"ன்னு யாராவது சொன்னா மனசுக்குள்ள சிரிச்சுக்குங்க.

21/
பின்ன கசப்பால என்னதான் லாபம்? என் அனுபவத்துல ஒண்ணே ஒண்ணு: வேகமாக் குடிக்க முடியாது. இனிப்பு காக்டெயில் ஜூஸ் மாதிரி இறங்கிடும், உள்ள என்ன இருக்குன்னே தெரியாது. அமெரிக்கானோ ஒவ்வொரு வாய்க்கும் நாக்கு ஒரு தடவை தயங்கும். ஒரு கிளாஸ் முக்கால் மணி நேரம் ஓடும்.

ஆனா இதைப் பாதுகாப்புன்னு நினைக்காதீங்க. நாக்கு பழகிடும். அந்த வார்டு மனுஷரோட நாக்கு பழகின மாதிரி.

22/
இப்ப சிஞ்ஞோரா கதை. நான் போன ஏழாவது மாசம் அவங்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிச்சாங்க. ஆரம்ப நிலை. அறுவை சிகிச்சை நல்லபடியா முடிஞ்சது, ஹார்மோன் மாத்திரை தொடங்கினாங்க. புற்றுநோய் டாக்டர் கொடுத்த காகிதத்துல ஒரு வரி: மது அருந்துவதைத் தவிர்ப்பது நல்லது.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் மேசை வெளிய வரலை. ஏழு மணிக்கு டிராம் பெரியவர் அவர் வாசல்ல நின்னு இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துட்டு உள்ள போயிடுவார்.

23/
ஒரு நாள் ராத்திரி அந்தக் காகிதத்தை எடுத்துட்டு என் கதவைத் தட்டினாங்க. "நீங்க லிவர் டாக்டர். சொல்லுங்க. ஒரே ஒரு கிளாஸ்தானே? அம்பது வருஷமா ஒரு கிளாஸ்தானே?"

நான் சொன்னேன்: "ஒரு கிளாஸால வர்ற ஆபத்து சின்னதுதான். ஆனா பூஜ்யம் இல்லை. மார்பகப் புற்றுநோய் விஷயத்துல குறைஞ்ச அளவுக்கும் கணக்கு இருக்கு. உங்க டாக்டர் எழுதினது சரி. முடிவு உங்களோடது, எதை எடுத்தாலும் நான் உங்க பக்கம்தான்."

அவங்களுக்குக் கோபம் வந்துடுச்சு. "இது டாக்டர் பதில். என் வீட்டுல இருக்கிற பையன் பதில் வேணும்."

24/
பையன் பதில் என்னன்னு எனக்குத் தெரியல. அதனால ஒரு கேள்வி கேட்டேன்: "அந்தக் கிளாஸ்ல எதை விடக் கஷ்டமா இருக்கு?"

ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க: "கிளாஸ் இல்லன்னா அவங்க எதுக்கு வருவாங்க? கணவர் போன வருஷம் நான் இந்த மேசையைப் போட ஆரம்பிச்சேன். ஒரு நாள் நான் கதவைத் திறக்கலன்னா, ஏழு மணிக்கு யாராவது தட்டுவாங்கன்னு ஒரு தைரியம். தனியா இருக்கிற கிழவிக்கு வேற என்ன இருக்கு?"

கையில பேஷன்ட் ஹிஸ்டரி ஃபாரம் இருந்தா 'மது: தினம் ஒரு கிளாஸ்'னு எழுதியிருப்பேன். இது அதுல எந்தக் கட்டத்துலயும் வராது.

25/
மறுநாள் டியூட்டி முடிஞ்சு வரும்போது கடையில நின்னேன். இத்தாலியில ஆல்கஹால் இல்லாத கசப்பு பானங்கள் 1960கள்ல இருந்தே குட்டி பாட்டில்ல விக்குது. சிவப்பா சான்பிட்டேர், ஆரஞ்சு நிறத்துல க்ரோதினோ. கினோத்தோன்னு கசப்பு ஆரஞ்சு வகைப் பழத்துல செஞ்ச கருப்பு சோடாவும் உண்டு. மூணுலயும் ரெண்டு ரெண்டு வாங்கிட்டுப் போனேன்.

"இது குழந்தைங்க குடிக்கிறது"ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நான் எதுவும் பேசாம நடையில மேசையை விரிச்சேன். அதே கிளாஸ், அதே ஐஸ், ஆரஞ்சுத் துண்டு. சான்பிட்டேர், சோடா.

26/
டிராம் பெரியவர் வந்தார். தன் கிளாஸை ஒரு வாய் குடிச்சார், கிளாஸைத் தூக்கிப் பார்த்தார், சிஞ்ஞோராவைப் பார்த்தார். காம்பாரி எங்கேன்னு கேட்கலை. "ஆலிவ் இன்னும் கொஞ்சம் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டார்.

அடுத்த நாளும் வந்தார். தையல்கார அம்மாவும் வந்தாங்க. நான் ஊருக்குக் கிளம்புற வரைக்கும் அந்த நடையில ஏழு மணிக்கு ஊத்தினது அதுதான். பெரியவர் மட்டும் எப்பவாவது அவர் வீட்டுலயே கொஞ்சம் காம்பாரி ஊத்திட்டுக் கையோட எடுத்துட்டு வருவார். அதை சிஞ்ஞோரா கண்டுக்கறது இல்லை.

27/
இதை ஏன் இவ்வளவு விரிவா சொல்றேன்னா, ஓபியில "குடியை விடுங்க"ன்னு சொல்றது எனக்கு ரெண்டு நொடி வேலை. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு அந்தக் கிளாஸோட சேர்ந்து நாலு நண்பர்கள், ஒரு திண்ணை, வேலை முடிஞ்சதுங்கிற ஒரு உணர்வு எல்லாம் போகுது. அந்த இடத்துல எதையும் வைக்காம வெறுமையா விட்டா, மறுபடி அங்க பாட்டில்தான் வந்து உட்காரும்.

இப்ப நான் எல்லார்கிட்டயும் கேட்கிறேன்: எப்ப குடிக்கிறீங்க, யாரோட குடிக்கிறீங்க, அந்த நேரத்துல வேற என்ன செய்யலாம்?

28/
ஆல்கஹால் இல்லாத வீட்டு ரெசிபி. இதுக்கு எந்தக் கடைக்கும் போக வேணாம்.

தண்ணி 200 மில்லி, சர்க்கரை 100 கிராம், ஒரு நார்த்தங்காய்த் தோல் (உள் வெள்ளையோட, கசப்பு அதுலதான்), ஒரு ஆரஞ்சுத் தோல், ஏலக்காய் 2, கிராம்பு 2, சின்னப் பட்டை ஒண்ணு, நிறத்துக்கு விரல் நகம் அளவு பீட்ரூட். எல்லாத்தையும் சிறு தீயில பத்து நிமிஷம். மூடி வச்சு ஆறினதும் ஒரு வாய் ருசி பாருங்க. கசப்பு போதும்னா வடிகட்டுங்க, போதாதுன்னா இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும். ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் தாங்கும்.

கிளாஸ் நிறைய ஐஸ், இந்தப் பாகு 30 மில்லி, சோடா 120 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு, ஆரஞ்சுத் துண்டு. சர்க்கரை நோய் இருக்கிறவங்க கவனம்: 30 மில்லியில சுமார் 12 கிராம் சர்க்கரை. பாதி அளவு எடுத்துக்குங்க, இல்ல தவிர்த்துடுங்க.

29/
"கசப்புக்கு நிலவேம்பு போடலாமா டாக்டர்?" வேணாம். அது மருந்து, பானம் இல்லை.

இன்னொண்ணு: கிரேப்ஃப்ரூட், செவில் ஆரஞ்சு மாதிரி சில கசப்பு நாரத்தை வகைகள் சில மருந்துகள் உடம்புல உடையறதைத் தடுக்கும். உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பிறகு டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் எடுக்கிறவங்க இந்தப் பாகைத் தொடவே வேணாம். கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் எடுக்கிறவங்க உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்ங்க.

30/
கீழ்க்கண்டவர்களுக்கு ஆல்கஹால் உள்ள ரெசிபி கிடையாது. விவாதமும் கிடையாது:

கர்ப்பிணிகள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள்.
ஃபேட்டி லிவர், ஹெப்படைடிஸ் பி அல்லது சி, சிரோசிஸ் உள்ளவர்கள்.
கணைய அழற்சி வந்தவர்கள்.
காசநோய் மாத்திரை, மெத்தோட்ரெக்ஸேட், மெட்ரோனிடசோல், தூக்க மாத்திரை எடுப்பவர்கள்.
இன்சுலின் அல்லது கிளிமிப்பிரைடு எடுப்பவர்கள். சர்க்கரை திடீரென இறங்கும், பார்க்கிறவங்க போதைன்னு நினைச்சு விட்டுடுவாங்க.
குடியை நிறுத்தியவர்கள். ஒரு கிளாஸ்கூட வேணாம்.
வண்டி ஓட்டப் போறவங்க.

31/
தினமும் நிறைய குடிக்கிறவங்க இதைப் படிச்சுட்டு நாளைக்கே தடாலடியா நிறுத்தவும் வேணாம். கை நடுக்கம், வலிப்பு, குழப்பம்னு உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில மருந்தோட நிறுத்தணும். அதுக்காக வர்றவங்களை எந்த நல்ல டாக்டரும் கேவலமாப் பார்க்க மாட்டார்.

32/
கேள்வி கேட்டவருக்கு: ஆமா, எப்பவாவது குடிக்கிறேன். 30, 30, 90, அளந்து, சாப்பாட்டோட, ஒண்ணே ஒண்ணு. அது உடம்புக்கு நல்லதுன்னு குடிக்கலை, பிடிச்சிருக்குன்னு குடிக்கிறேன். வீட்டுக்கு ஆள் வந்தா மேசைக்கு வர்றது நார்த்தங்காய்ப் பாகுதான். யார் எதைக் குடிக்கிறாங்கன்னு யாரும் யாரையும் கேட்க வேண்டிய நிலைமை வராது.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் சொல்றேன். லிவர் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் பொதுவுல போடாதீங்க, உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. யாருக்காவது அந்த 13வது பதிவுக் கணக்கு உபயோகப்படும்னு தோணுச்சுன்னா அனுப்பி வைங்க.